யூரியா பையில் ஒரு கவசச் சட்டை

அஸ்மியா செய்த சீனச் சிப்பாய் இரண்டாம் தடவையும் திரும்பி வந்தான்.

கிழக்கிலங்கையின் மருதமுனையில் அவளுடைய வீட்டு முன்னறையில், கணினித் திரையில்தான் அவன் பிறந்தான். ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் புதிய போர் விளையாட்டுக்கு ஆட்களை முப்பரிமாணத்தில் செய்து தரும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது. இக்காலச் சீனக் காலாட்படை வீரன் ஒருவன் வேண்டும். உடுப்பு, கவசச் சட்டை, தலைக்கவசம், சப்பாத்து எல்லாம் அச்சொட்டாக இருக்க வேண்டும். கிடைத்த பயிற்சிப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். சின்னச் சின்னச் சதுரங்கள் சிதறிய அந்தப் புது உருமறைப்புத் துணியைச் சீனர்கள் ‘விண்மீன் வானம்’ என்று அழைக்கிறார்கள் என வாசித்தபோது, சண்டைக்குப் போகிற உடுப்புக்கு இப்படியும் ஒரு பெயரா என்று தனியே சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. உடுப்பில் பிழையில்லை, ஆனால் கவசச் சட்டை ஆளின் மேல் மிதக்கிறது, காற்றடைத்த பொம்மை மாதிரி நிற்கிறான் என்று எழுதி, நிறுவனத்தார் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த அவளுடைய கணவன் மசூர் கதவடியில் நின்று பார்த்தான்.

“என்ன புள்ள, முகம் இப்பிடிக் கிடக்கு?”

“இவனப் பாருங்க. எங்க பிழையெண்டு எனக்கு விளங்குதில்ல.”

மசூர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். திரையருகே குனிந்து பார்த்தான். “இந்தச் சட்டைக்குள்ள என்ன இரிக்கி?”

“முன்னுக்கும் பின்னுக்கும் தகடு. இரும்பில்ல, பீங்கான் மாதிரிச் சுட்டெடுத்த ஒண்டு. அதுதான் குண்டத் தடுக்கிறது.”

“பீங்கானா?” மசூரின் முகம் மலர்ந்தது. “அப்ப இவனும் என்னப்போல டைல்ஸ்தான் சுமக்கிறான்! இவ்வளவையும் சுமந்தித்து எப்பிடி இவன் ஈர்க்கில் மாதிரி நேரா நிக்கிறான்?”

அஸ்மியா திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு வேலை இல்லத்தானே?”

வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய உம்மா சல்மா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். இராணுவத் துணியின் சாயலுள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்திருக்க இங்கே யாருக்கும் ஆசையுமில்லை. ஆகவே வெறுமையான யூரியா பைகளை இரட்டையாக மடித்து, பழைய புத்தகப்பையின் வார்களைத் தோளுக்கு வைத்துத் தைத்தார். உண்மைச் சட்டையில் ஒரு கயிற்றை இழுத்தால் எல்லாம் ஒரேயடியாகக் கழன்று விழும், காயப்பட்டவனிடமிருந்து கவசத்தை எடுப்பதற்கு அது வேண்டும் என்று அஸ்மியா சொல்ல, அதற்கும் ஒரு வழி செய்தார். தகட்டுக்குப் பதிலாக மசூர் வெட்டிக் கொண்டுவந்த தரை டைல்ஸ். துப்பாக்கி ரவைக்கூடுகளுக்குப் பதிலாக நெஞ்சுப் பைகளில் மூன்று டின்மீன்.

“டின்ன நெளிச்சிப் போடாதீங்க மருமகன். ராவைக்குக் கறி வைக்கணும்.”

“குண்டு பட்டாத்தான் மாமி நெளியும்,” என்றான் மசூர்.

அவன் முற்றத்தில் நடந்தான், குந்தினான், விழுந்த ஆணியைக் குனிந்து எடுத்தான். அஸ்மியா நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது தோள். வார் அழுந்திய இடத்தில் சட்டைத் துணி வரிவரியாகச் சுருங்கியிருந்தது. இடுப்பு கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, கழுத்து நீண்டு, கால் இரண்டும் அகன்று நின்றன. தான் செய்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆளை முழுதாகச் செய்து முடித்துவிட்டு, அவனுக்கு மேல் கவசத்தைப் போர்த்தியிருந்தாள். கவசம் அவனுக்குள் இறங்கவேயில்லை.

அந்த நேரம் வாசல் கடப்படியில், “கீரை, கீரை” என்று குரல் கேட்டது. நாவிதன்வெளியிலிருந்து பஸ்ஸில் கீரை கொண்டுவந்து விற்கும் செல்லத்தங்கம். மசூர் வழக்கம்போல, போட்டிருப்பதையே மறந்து, கேற்றைத் திறந்துவிட்டான்.

செல்லத்தங்கத்தின் கூடை கீழே விழுந்தது. நெஞ்சில் பைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒருவனைக் கண்டால், தற்கொலைக் குண்டுகளைக் கண்ட இந்தக் கரையில் யாரும் நின்று விசாரிக்கமாட்டார்கள். அவரோ ஓடாமல் மதிலோடு ஒட்டிக்கொண்டார். மசூர் அவருடைய கண்ணைப் பார்த்தான், கயிற்றை ஒரே இழுவை இழுத்தான். சட்டை முழுதும் காலடியில் விழுந்து டைல்ஸ் நொறுங்கியது. டின்மீன் ஒன்று உருண்டு கீரைக்கட்டில் போய் முட்டி நின்றது.

“டைல்ஸ் அக்கா! வெறும் டைல்ஸ்!” மசூர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

“ஐயோ தம்பி, என்ட உசிரு போயித்து!”

அஸ்மியா ஓடிவந்து அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மசூர் கீரையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டு, நாலைந்து தரம் மன்னிப்புக் கேட்டான். திரையில் நின்ற சீனனைக் கண்ட பிறகுதான் செல்லத்தங்கத்துக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. “இந்தப் பொம்மைக்கா இவ்வளவு கூத்தும்?” என்று சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை.

வேறு டைல்ஸ் வைத்து மசூர் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். படத்துக்காக நின்றுகொண்டிருக்கும்போது தோள் நோகவே, பெருவிரலை வாருக்குள் விட்டு மெல்லத் தூக்கிப் பிடித்தான். செல்லத்தங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம், அவனுகளும் இப்பிடித்தான்.”

“ஆருக்கா?” என்றாள் அஸ்மியா.

“அந்தச் சண்டை நாள் ஆமிக்காரனுகள். எங்கட வளவுக்குத் தண்ணி கேட்டு வருவானுகள். குடிக்கக்குள்ள இப்பிடித்தான் பெருவிரலக் குடுத்துத் தூக்கிப் பிடிப்பானுகள். ஒருத்தன் சின்னப் பெடியன். குடிச்சித்து அப்பிடியே கிணத்துக் கட்டுல இருந்தித்தான். எனக்கும் பயம், அவனுக்கும் பயம். மறுகா, ‘ஸ்தூதியி அம்மா’ எண்டு சிங்களத்தில நன்றி சொல்லித்துப் போனான்.”

பிறகு உம்மா கீரை முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். செல்லத்தங்கம் விடவில்லை; பாதியைத்தான் கொடுத்தார், மற்ற வீடுகளும் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார்.

அஸ்மியா சிப்பாயைத் தோளிலிருந்து திரும்பச் செய்தாள். தகட்டை நெஞ்சோடு இறக்கினாள், வார் அழுந்தும் இடத்தில் துணியைச் சுருக்கினாள், இடுப்பைத் தள்ளினாள், காலை அகட்டினாள். சண்டை இல்லாத நேரத்தில் அவன் சும்மா நிற்கும்போது, பெருவிரலை வாருக்குள் விட்டு, பாரத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு மூச்சு விடுகிற மாதிரி வைத்தாள். அதைச் செய்துகொண்டிருந்தபோது கிணற்றுக் கட்டில் இருந்த அந்தப் பெடியனைத்தான் நினைத்தாள்.

இம்முறை திருத்தம் எதுவும் வரவில்லை. அந்த மூச்சு விடுகிற இடத்தை, இங்கே வேலை செய்கிற எல்லோரும் கூடிநின்று பார்த்தோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்ததாக ஒரு பெண் மருத்துவச் சிப்பாயைச் செய்து தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் உம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. திரையில் சிப்பாய் முற்றம் போன்ற ஒரு வெளியில் நடந்து வந்து நின்றான். அவர் அவனையும் மசூரையும் மாறி மாறிப் பார்த்தார். “முகம் சீனாக்காரன்ட. மத்தது முழுக்க எங்கட மருமகன்தான். அந்தக் கூனலப் பாருங்களன்!”

மசூருக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. இன்னொரு தரம் நடக்கவிடச் சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.