மூன்று எண்ணி மூக்கைத் தூக்குதல்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு குடையில் தொடங்கியது. 1961 ஓகஸ்ட் மாதம், தெமோதரையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒருவர், குடையைக் கால்களுக்கிடையில் ஊன்றி, அதன் வளைந்த பிடியை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். பைத்தியம் என்றுதான் நினைத்தேன். பேச்சைக் கேட்டு அவர் விமானி என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

(நான் ஹாலிஎல தபால் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர். விமானத்தில் ஏறியதே இல்லை. அதற்காகக் கதை எழுதக்கூடாதா என்ன?)

2.

முதல் தொடக்கம்: "நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்புப் பறவை..." சீ, வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்: "தேயிலைக் கொழுந்துக் கூடை நிறைந்ததும் பெண்கள் எப்படி உதறாமல் மெதுவாக நிமிர்கிறார்களோ, அப்படியே விமானமும்..." அரைப்பக்கம் எழுதி அடித்துவிட்டேன். இந்த மலையைப் பற்றி எழுத வந்த எவனும் கூடையைத் தூக்காமல் விட்டதில்லை. நானாவது விட்டுவிடுகிறேனே.

மூன்றாவது தொடக்கம் பஸ்தான். அதிலேயே போவோம்.

3.

அவருக்கு அழகர் என்று பெயர் வைக்கிறேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகன். மனைவி ரெங்கம்மா, தோட்டப் பள்ளியில் அரிவரி வகுப்பு ஆசிரியை.

இவ்வளவையும் படித்துவிட்டு என் மனைவி லீலாதேவி கேட்டாள்: "தோட்டத்து ஆளை ஆரப்பா பிளேன் ஓட்ட விடுகினம்? அதுகளுக்குப் பிரஜாவுரிமையே இன்னும் இல்லை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னதில் உண்மை இருந்ததால் வந்த கோபம். என் கதையில் அழகரின் தகப்பனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது; கிடைத்த சிலரில் அவரும் ஒருவர். ஆனால் லீலாதேவி கேட்டதை அழகரின் மேலதிகாரிகளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அழகர் தோற்றால், இந்த மலையிலிருந்து அடுத்து வருகிறவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

4.

தோற்கும் நிலையில்தான் இருந்தார். விமானம் ஓடுபாதையில் ஓடி, உரிய வேகம் வந்ததும், பக்கத்து இருக்கைக் கப்டன் "ரொட்டேட்" என்பார். உடனே கைப்பிடியை ஒரே சீராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். விநாடிக்கு மூன்று பாகைதான் மூக்கு உயரலாம். மூன்று எண்ணி முடிக்கையில் சிறகில் காற்றுப் பிடித்து, விமானம் தானாகத் தரையை விடும். வெடுக்கென்று இழுத்தால் வால் தரையில் இடிக்கும்.

அழகர் வெடுக்கென்று இழுப்பார். போன மாதம் கொழும்புப் பக்கம் வால் உரசியே விட்டது. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. அதிலும் இழுத்தால் விமானி இருக்கை போச்சு.

"திரும்பவும் வெடுக்குன்னு இழுக்குறீங்க. ரெண்டு சொல்றதுக்குள்ள குடை நெஞ்சுக்கு வந்திருச்சே!" என்றார் ரெங்கம்மா.

"கை தானா இழுக்குது, நான் என்ன செய்ய? பாதை முடியிறது கண்ணுல பட்டதும் பதறிப் போகுது."

"முடியிற எடத்துல என்னங்க இருக்கு?"

"தென்ன மரம். அப்புறம் கடல்."

"கடலா? அடக் கடவுளே! கடலைத் தாண்டவா இந்தக் குதி குதிக்கிறீங்க? அங்க ஏது மலை?"

அழகரின் கையில் குடை அப்படியே நின்றது.

5.

வேறு ஊர்க்காரன் செய்ய முடியாத தவறு இது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களமோ, பந்தடிக்கும் திடலோ, எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் சமதரை என்று எதில் ஓடினாலும் கொஞ்ச தூரத்தில் மலை வந்து முகத்துக்கு நேரே நிற்கும். அதைப் பார்த்தே வளர்ந்த கண், கடற்கரையிலும் ஒரு மலையை வைத்துப் பார்த்திருக்கிறது.

(இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ரெங்கம்மா கண்டுபிடித்தது. கதாசிரியன் பின் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தான்.)

"மலை இல்லேன்னு எனக்குத் தெரியுந்தானே?" என்றார் அழகர்.

"உங்களுக்குத் தெரியும். கைக்கு யாரு சொன்னா? இனிமே பாதை முடிவைப் பாக்காதீங்க. அடிவானம் காட்டுற வட்டக் கருவி ஒண்ணு இருக்குன்னீங்களே, அதைப் பாருங்க. நான் எண்ணுறேன்."

ஹாலிஎலவில் நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. எண்ணிக்கை பஸ் முழுவதும் பரவியிருந்தது. முட்டைக் கூடையோடு வந்த றஹீம் நானா எண்ணினார், கண்டக்டர் எண்ணினார், நானும் வாய்விட்டு எண்ணினேன். பதுளைக்கு முந்திய வளைவில் குடைப்பிடி அலுங்காமல் குலுங்காமல் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. ரெங்கம்மா சிரித்தார்.

6.

அவர்களை மறுபடி காணவில்லை. ஆகவே முடிவு என் தலையில் விழுந்தது.

முடிவு ஒன்று: அழகர் தேறி, அப்புத்தளைக்கு மேலே பறக்கிறார். தோட்டமே அண்ணாந்து பார்க்கிறது. (நன்றாயிருக்கிறது. ஆனால் அப்புத்தளை மூட்டத்தில் என்ன தெரியும்?)

முடிவு இரண்டு: வால் திரும்பவும் தரையில்... இல்லை, எழுதமாட்டேன். இதற்கா ஒரு பஸ்ஸே எண்ணியது?

7.

திங்கட்கிழமை காலை. ஓடுபாதை ஓடுகிறது. "ரொட்டேட்" என்கிறார் கப்டன். அழகர் பாதையின் முடிவைப் பார்க்கவில்லை. கை சீராகப் பின்னுக்கு வருகிறது. ரெங்கம்மா தெமோதரையில் அரிவரிப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறார். அழகருக்கு எண்ண வேறு ஆளில்லை.

ஒன்று, நான் சொல்லிவிட்டேன்.

இரண்டும் சொல்லிவிட்டேன். மூக்கு எழுந்துவிட்டது.

மூன்றை நீங்கள் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்.