ஒரு நூல் கீழே

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப்பில் ஒத்திகை. அத்தான் கித்தாரின் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காலடியில் கிடந்த, சுருதி பார்க்கும் ட்யூனர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். ஆறுக்கும் எரிந்தது. நிமிர்ந்து, பாடகி பாடி முடித்த வரிக்குப் பதில் சொல்வதுபோல ஒரு கம்பியை விரலால் மேலே தள்ளி இழுத்தார். இழுத்த சுரம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிட்டது. பியானோ வாசிக்கும் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் என் பேஸ் கித்தாரில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் என் அக்கா புருஷன். முப்பது வருஷம் ராக் வாசித்தவர். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால், மைதானம் நிறையக் கூட்டம் கத்த, தலையை ஆட்டி ஆட்டி வாசித்தவர். அந்தக் குழு உடைந்தபிறகு ஒன்பது வருஷம் கித்தார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எதைக் கேட்டாலும் உம், உஹும், அவ்வளவுதான். எங்கள் கிளப் குழு வாரத்துக்கு ஒருநாள் கூடி, ப்ளூஸ் என்கிற மெதுவான சோகப் பாட்டு வாசிக்கிற கூட்டம். நான் ஏசி மெக்கானிக், பாடகி பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள், ட்ரம்ஸ்காரர் பஸ் ஓட்டுகிறவர். இதில் வந்து வாசிக்கிறீர்களா என்று அவரிடம் கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ, "சின்ன வயசுல ப்ளூஸ்லதான் ஆரம்பிச்சேன் மாப்ள. கடைசியில அங்கேயே போய் உக்காந்துடறேன்" என்று மறுநாளே கித்தார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் அக்கா போன் செய்தாள். "சாப்பிடும்போது பேசறார்டா. சிரிக்கக்கூடச் செய்யறார். இதை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடு." அக்கா என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

முதலில் விரல்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் சொன்னார், வயசாச்சு, விரல்ல பலமில்லை என்று. கோளாறு எங்கே என்று தெரியாத இயந்திரத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இருப்பதிலேயே மெல்லிய கம்பிகளை வாங்கிப் போட்டேன். குழந்தைகூட இழுத்துவிடும். அவர் சுலபமாக இழுத்தார், அதே இடத்தில், அதே ஒரு நூல் கீழே, திருப்தியாக நிறுத்தினார். முகத்தில் சரியாகச் செய்தவனின் நிம்மதி. கையில் ஒரு கோளாறும் இல்லை. காதுதான் போய்விட்டது. சும்மா தட்டுகிற கம்பிக்கு ட்யூனர் இருக்கிறது, இழுக்கிற கம்பிக்குக் காதைத் தவிர நாதியில்லை. ராக்கின் இரைச்சலில் எந்தக் காலத்திலிருந்து இப்படி இருந்ததோ, யார் கண்டது. ப்ளூஸில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பாடகி ஒரு வரி பாடுவாள், இவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும், நடுவில் வெறும் மௌனம்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தான் பாடகியின் மேல் பழியைப் போட்டார். "நல்ல குரல்தான் மாப்ள. ஆனா சுருதிக்கு ஒரு நூல் மேலயே நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

அன்று ஒத்திகை முடிந்து வண்டியில் போகும்போது தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். "அத்தான், காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

"நானும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "நீயே பக்குவமா அவகிட்ட சொல்லிடு. சின்னப் பொண்ணு, மனசு ஒடிஞ்சிடப் போகுது."

நான் சரி என்றேன். சரி என்று சொல்வதற்கென்றே பிறந்த வாய் எனக்கு.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒண்ணு அவர்கிட்ட சொல்லுங்க, இல்ல நான் சொல்லிடுவேன். இது கச்சேரியா, காதுகுத்தா?" என்றார். பாடகிதான் அவரைத் தடுத்தாள். "ரெண்டு வாரம் பொறுங்க சார்." பிறகு என்னிடம் தனியாக, "அண்ணா, அவர் இழுக்கிற சுரம் எங்க நிக்கும்னு எனக்குப் பழகிடுச்சு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிளப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் பாட்டு மெதுவான பாட்டு. பாடகி உச்சியில் போய் நிற்கவேண்டிய சுரத்தில் நிற்காமல், கொஞ்சம் கீழே இறங்கி, அங்கேயே குரலைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கம்பியை இழுத்தார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. அவர்கள் இருவர் மட்டும் சேர்ந்திருந்தார்கள். பியானோவும் நானும் எங்கோ இருந்தோம். தவறிப்போய்க் கீழே விழுந்த குரல் இல்லை அது. ஒவ்வொரு வரியிலும் அளந்து இறங்கினாள். சுருதி சுத்தத்துக்குப் பேர்போன பெண். முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார், இரண்டு பேர் போனை எடுத்துக்கொண்டார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். பாட்டு முடிந்ததும் அத்தான் என் பக்கம் சாய்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லிட்டே போல இருக்கே. இன்னிக்குத்தான் மாப்ள சுருதி சேந்துது."

இடைவேளையில் கிளப் முதலாளி என்னைச் சுவரோரம் கூப்பிட்டார். "பெரியவர் பேருக்குத்தான் கூட்டமே வருது. அந்தப் பொண்ணுக்குத் தொண்டை போயிடுச்சு போல. அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்குங்க." இல்லை, தொண்டை இல்லை, என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாலடி தள்ளி அத்தான் யாருக்கோ எதையோ கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா போனில் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் வாயைத் திறந்தது அவருக்குத் தெரியாது.

பாடகி மைக்குக்குப் பின்னால் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவளுக்குத்தான் எல்லாமே கேட்குமே. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், ஆரம்பிக்கலாம் அண்ணா என்பதுபோல. இரண்டாம் பாதியில் முதல் சுரம் என்னுடையது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பாடவேண்டும்.

அத்தான் அவசரப்படாதே என்று கைகாட்டிவிட்டு, ட்யூனரைக் காலால் அழுத்தினார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். பச்சை. பச்சை. பச்சை. நான் விரலைக் கம்பிமேல் வைத்தபடி, மிச்சம் மூன்றும் எரிவதற்காகக் காத்திருந்தேன்.