கேக் மாஸ்டரும் சிறுகுறிஞ்சான் இலையும்

பதினேழு வருஷமாக கேக் போட்டுப் பிழைக்கிறவருக்குச் சர்க்கரை வியாதி வந்தால் பாவம், எங்கே போவார்? மாஸ்டர் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டார். வாய்தான் சொன்னபடி கேட்கவில்லை. கிரீமில் பதம் பார்க்க ஒரு விரல், வெட்டிப்போட்ட ஓரத்தில் ஒரு துண்டு என்று நாள் முழுக்க அசைந்துகொண்டே இருந்தது.

சேதி கேட்ட அவருடைய அக்கா, ஒரு தொட்டிச் செடியோடு வந்து இறங்கினாள்.

"சிறுகுறிஞ்சான்டா. வேலைக்குப் போனதும் ரெண்டு இலை மென்னுக்கோ. அப்புறம் இனிப்பு பக்கம் நாக்கு திரும்பிக்கூடப் பார்க்காது."

மறுநாள் பேக்கரி வாசலில் நின்று இரண்டு இலையை மென்றார். ஒரே கசப்பு. முகத்தைச் சுளித்தபடி உள்ளே போய், கல்யாண கேக்குக்கு வெண்ணெய் கிரீம் அடித்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சப்பென்று இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டோமோ என்று ஒரு கப் கொட்டினார். ம்ஹூம். இன்னும் இரண்டு கப். அப்போதும் வெறும் வெண்ணெய்தான். சந்தேகப்பட்டு, சர்க்கரையையே அள்ளி வாயில் போட்டார். நறநறவென்றது.

"முதலாளியம்மா! மளிகைக்காரன் மூட்டை நிறைய மணலை அனுப்பியிருக்கான்!"

முதலாளியம்மா ஓடிவந்து ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?" அடுத்து கிரீமைத் தொட்டாள். கண்ணும் மூக்கும் ஒன்றாகச் சுருங்கின. "மாப்பிள்ளையையும் பொண்ணையும் முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்களா?"

மாஸ்டர் அக்காவுக்குப் போன் போட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த இலையோட வேலையே அதான்டா! ஒரு மணி நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னேனே!"

வெண்ணெயை மேலும் மேலும் சேர்த்து அடித்து, முதலாளியம்மா போதும் என்று கைகாட்டியபோது மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. கேக் எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் இலையை விடவில்லை; அன்று முதல் சர்க்கரையைத் தராசில் நிறுத்துப் போட்டார். ருசி பார்ப்பது முதலாளியம்மா பொறுப்பு.

டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. இலையும் சேர்ந்தா சர்க்கரை ரொம்ப இறங்கவும் செய்யும், அடிக்கடி டெஸ்ட் பண்ணிக்கோங்க."

மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை அளவு நன்றாகவே குறைந்திருந்தது. "இலையா, வாயைக் கட்டினதா, எது குறைச்சதுன்னு யாரு கண்டா?" என்றார் டாக்டர்.

மாஸ்டருக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. டெஸ்ட் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விசிலடித்தபடி வீட்டுக்கு நடந்தே போனார்.