சித்திக்கு ஒரு படம் இல்லை

சித்தி போய் ஒரு வாரம் ஆகியும் சுவரில் மாட்ட ஒரு படம் கிடைக்கவில்லை. நாய்க்குட்டியைக்கூட நாளெல்லாம் படம் பிடித்துத் தள்ளுகிற காலத்தில், ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய மனுஷிக்கு ஒன்றுகூட இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவள் வளர்த்த பிள்ளையான தையல்காரர் வீட்டையே தலைகீழாகப் புரட்டிப்போட்டார். அவருடைய கல்யாணப் படங்களில் சித்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முதுகுதான் இருந்தது. மகளின் கைப்பேசியில் முந்தானை மறைத்த பாதி முகம். யார் எடுக்க வந்தாலும், “ஆமா, என் மூஞ்சி ஒண்ணுதான் குறைச்சல்! போய் வேலையப் பாருங்க” என்று அடுக்களைக்குள் புகுந்துகொள்வாள்.

கூடத்தில் மாட்டியிருந்தது ஒரே ஒரு படம். அது அவரைப் பெற்றவளுடையது. நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் மச்சத்தோடு நேராகப் பார்ப்பாள். கீழே வெள்ளை எழுத்தில் ‘அம்மா’ என்றும், அவள் இறந்த வருஷமும். அப்போது இவர் தவழ்கிற பிள்ளை. பிறகு அவள் தங்கையே அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் அக்கா ஜாடை அப்படியே இருக்கிறது என்பார்கள். இவருக்கு மட்டும் அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சின்ன வயசில், சித்தி ஒரு அதட்டல் போட்டால் போதும், பையன் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நிற்பான். “அம்மா, இவ என்னை அடிக்கிறா. நீ இருந்தா அடிப்பியா?” ஆசைப்பட்டதையும் அங்கேதான் கேட்பான். கலர் பென்சில் கேட்டான், வந்தது. பந்து கேட்டான், வந்தது. வளர்ந்து, அடுத்தவர் தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கை வலித்த நாளில் சொந்தமாக ஒரு தையல் மெஷின் வேண்டும் என்று முறையிட்டார். அதுவும் வந்து இறங்கியது. படத்துக்குத்தான் நன்றி சொன்னார். சித்திக்கு ஒரு வார்த்தை? மூச்! ஒருநாள், “அதோ இருக்கா என் அம்மா. நீ யாரு?” என்று அவள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டார். “சரி, சோறு ஆறுது, வா” என்றாள். பாவி மனுஷி!

“என்னடா உருட்டுற?” என்றார் ஜன்னலோரம் இருந்த அப்பா.

“சித்தி படம்ப்பா. ஒண்ணுகூட இல்ல.”

 அப்பா கூடத்துப் படத்தைக் கையை நீட்டிக் காட்டினார். “மாட்டித்தானே இருக்கு.”

“அப்பா, அது அம்மா.”

“உங்கம்மாவுக்குப் படமே கிடையாதுடா. எடுக்கலாம் எடுக்கலாம்னு இருந்தோம், அதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. நாளைக்குப் பிள்ளை அம்மா எங்கேன்னு கேட்டா எதைக் காட்டுறதுன்னு, உன் சித்திதான் அக்கா சேலை ரவிக்கையெல்லாம் போட்டுக்கிட்டுப் போய் உக்காந்தா. மச்சம் மட்டும் ஸ்டூடியோக்காரர் மையால வச்சது. அப்பல்லாம் அப்படிச் செய்யிறதுதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

தையல்காரர் படத்தைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தெருவில் போகிறவளின் ரவிக்கையில் தோள் இறங்கியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இதில் தோள் தையல் கைவரைக்கும் வழிந்து கிடந்தது. இடுப்புப் பக்கம் கொசகொசவென்று பிடித்து ஊக்குக் குத்தியிருந்தது. அடுத்தவளுக்கு அளவெடுத்த ரவிக்கை! பெற்றவள் படத்தில் யார் தையலைப் பார்ப்பார்கள்?

“அப்போ... என்னைப் பெத்தவ எப்படிப்பா இருப்பா?”

அப்பா அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.  “இதையே பாத்துப் பாத்து, அவ முகம் எனக்கும் மறந்துபோச்சுடா” என்று சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

 “நான் இதுக்கிட்ட பேசினதெல்லாம் சித்திக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? நீ அம்மான்னு ஆரம்பிச்சா போதும், கைவேலையப் போட்டுட்டு வந்து அந்தக் கதவுக்குப் பின்னாடி நிப்பா. அடுப்புல எது தீஞ்சாலும் நகர மாட்டா. என்னைத்தானே கூப்பிடுறான்னு சொல்லிச் சிரிப்பா.”

“மெஷின்?”

“அவ வளையல்.”

 தையல்காரர் படத்தின் சட்டத்தைப் பிரித்து, தையல் பிரிக்கிற பிளேடால் அந்த வருஷத்தை மெல்லச் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் இந்த வருஷத்தை எழுதினார். அதற்கு மேல் வரியில் இருந்த ‘அம்மா’வை அப்படியே விட்டார். பெற்றவளுக்கு இனி இந்த வீட்டில் முகம் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அழுகை வந்தது.

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, சின்ன வயசில் நின்ற அதே இடத்தில் நின்றார்.

“அம்மா” என்றார்.

சொன்ன கையோடு ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். பின்னால் துடைப்பம் சாத்தியிருந்தது.