எந்த வழியாக வந்தது

பருத்தி நூல் கிடங்கின் லிஃப்ட்காரர் இறந்ததை விசாரித்த அதிகாரி, 'மிஸ்அட்வென்ச்சர்' என்ற தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் பிணம் கனத்துவிட்டது. தூக்க வந்த நால்வரால் அதன் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மூட்டை இறக்கும் சங்கிலியைப் போட்டு இழுத்தார்கள்; சங்கிலி அறுந்தது.

லிஃப்ட்காரரின் மனைவி, அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள்.

"தற்செயலா நடந்த சாவும்மா. யார் மேலயும் குத்தமில்லைன்னு அர்த்தம்."

"இவ்வளவையும் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரா?"

"பழைய பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை. பிரிச்சுப் பார்த்தா, கெடுதலா வந்து வாய்ச்சதுன்னு வரும்."

"வந்துச்சுன்னா எந்த வழியா வந்துச்சு? மூணாவது மாடிக் கதவு வழியாத்தானே?"

அந்த லிஃப்ட் கதவின் கொண்டி உடைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. லிஃப்ட்காரர் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். சொல்லும்போதெல்லாம் மேனேஜர் பார்க்கலாம் என்றார். கடைசியில் கயிறு இற்றுப்போய்க் கதவு திறந்துகொண்டது. தலையில் மூட்டையோடு போனவர் உள்ளே லிஃப்ட் இல்லாததைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டார்.

"போனவரு போயிட்டாரு. வீம்பு பண்ணாம தீர்ப்புக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடும்மா" என்றார் மேனேஜர்.

"வீம்பு நானா பண்றேன்? அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பிணத்தின் அருகே உட்கார்ந்தாள். நாத்தனார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள்.

பிணம் கிடந்தது சரக்கு வாசலில். அதைத் தாண்டி ஒரு மூட்டையும் வெளியே போகவில்லை. வெயில் போய் மழைக்காலம் வந்தது. உடல் கெடவில்லை, இறந்த அன்று காலை சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. சரக்கு தேங்கிய எரிச்சலில் முதலாளி மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும், "கொண்டி உடைஞ்சது எனக்குத் தெரியும். நான்தான் தள்ளிப்போட்டேன்" என்றார். அதிகாரி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நிர்வாகத்தின் அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்று வாசித்தார். ஆட்கள் மறுபடி தூக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அசையவில்லை.

"வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு" என்றாள் மனைவி.

கொல்லரை வரவழைத்துப் புதுக் கொண்டி போட்டார்கள். அவள் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய், காலை ஊன்றிக்கொண்டு கதவை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. கீழே வந்து தலைமாட்டில் நின்றாள்; கால்மாட்டை நாத்தனார் பிடித்தாள். இரண்டு பெண்களும் அவரைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கை மாற்றக்கூட அவர்கள் எங்கும் நிற்கவில்லை.