இருபத்துமூன்று சைக்கிள்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை முதலில் ஓர் அகதி விண்ணப்பம். இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் ஆட்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பவன் நான், பெயர் இராஜநாயகம். வாரநாளில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைப்பேன், சனி ஞாயிறில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவுவேன், மிச்ச நேரத்தில் இலக்கியம். 1993 கோடையில், பக்கத்துத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்த சீனாக்காரன் என் தொழிலை எப்படியோ கேள்விப்பட்டு, "எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை" என்றான்.

(எங்களுக்குப் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன். அவனை யாழ்ப்பாணத் தமிழில் பேசவிட்டதும் என்னை அண்ணை ஆக்கியதும் நான்தான். வேறு தமிழ் எனக்கு வராது.)

2

முதல் தொடக்கம்: "இராணுவத் தாங்கிகள் பீஜிங் நகருக்குள் நுழைந்தபோது அவன்"

அடித்துவிட்டேன். அவன் தாங்கியைக் காணவேயில்லை. அந்த நேரம் காய்ச்சலில் படுத்திருந்தானாம். கதாநாயகனுக்குக் காய்ச்சல் என்று எந்த ஊரில் எழுதுவது?

இரண்டாவது: "ஜனநாயகம் கேட்டுச் சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்த மாணவர்களில்"

அதுவும் சரிவராது. பசி தாங்கமாட்டேன் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

பெயரிலும் சிக்கல். கதையில் சொந்தப் பெயரைப் போடக்கூடாது என்பதால் எமிலியானுஸ் என்று வைத்தேன். எந்தச் சீன அதிகாரியும் அந்தப் பெயரில் ஆளைத் தேடமாட்டார். என் மனைவி றோசமலருக்குத்தான் பிடிக்கவில்லை. "அது என்ரை மாமான்ரை பேரெல்லே. அந்தாள் ஒரு ஊர்வலத்துக்கும் போகாத மனுசன்."

3

எமிலியானுஸ் செய்தது இவ்வளவுதான். 1989 வசந்தத்தில், சதுக்கத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், போராட வந்த மாணவர்களின் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டான். நல்லூர்த் திருவிழாவில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் வைப்பார்களே, அதேதான். கொப்பியில் பெயர், பல்கலைக்கழகம், விடுதி அறை எல்லாம் எழுதி, துண்டு கிழித்துக் கொடுப்பான்.

ஜூன் மூன்றாம் திகதி காய்ச்சலோடு வீட்டுக்குப் போனான். அன்றிரவு இராணுவம் சுட்டது. காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்தபோது சைக்கிள்கள் அப்படியே நின்றன. அடுத்த நாட்களில் ஒவ்வொருவராக வந்து, கதைக்காமல், துண்டைக் காட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இருபத்துமூன்று சைக்கிள்களுக்கு ஒருவரும் வரவில்லை. பத்தாம் நாள் இராணுவ லொறி வந்து அவற்றை ஏற்றியது. பொலிஸ் கொப்பியைக் கேட்டு வரும் என்று தெரிந்ததும், அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினான்.

இதைக் கேட்டு அழுதேன் என்று எழுதினால் றோசமலர் சிரிப்பாள். ஆனால் அழுதேன்.

4

நான் பிழை விட்ட இடம் இது.

எங்கள் கேஸ்களுக்கு ஒரு முறை இருக்கிறது: கிராமசேவகர் கடிதம், பங்குச் சுவாமியார் கடிதம், மரணச் சான்றிதழ். பின்னிணைப்பு எவ்வளவு தடிப்போ, கேஸ் அவ்வளவு பலம். அந்தப் பழக்கதோஷத்தில், அவன் பார்க்கத் தந்த கொப்பியில் அந்த இருபத்துமூன்று பதிவுகளையும் அவனைக் கேட்காமலே போட்டோக் கொப்பி எடுத்து, "கொல்லப்பட்ட இருபத்துமூன்று மாணவர்களின் பட்டியல்" என்று தலைப்புப் போட்டு இணைத்துவிட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பலேர்மோவின் சீசாப் பகுதியில், எங்கள் வீட்டுக் குசினியில், றோசமலர் அவித்த புட்டைச் சாப்பிட்டபடி எமிலியானுஸ் அதை வாசித்தான். தலைப்பில் கண் நின்றுவிட்டது.

"ஆர் சொன்னது இவை செத்தவை எண்டு?"

"சைக்கிள் எடுக்க வரேல்லைத்தானே."

"நானும்தான் ஊருக்குத் திரும்பிப் போகேல்லை. நான் செத்தனானோ?"

எனக்குக் கோபம் வந்தது. "இது இல்லாட்டி உன்ரை கேஸிலை என்ன கிடக்கு? காய்ச்சல் ஒண்டுதான் கிடக்கு. இஞ்சை இருக்கிற பெர்மெசோ தராமல் திருப்பி அனுப்பினா?"

"எனக்கும் பயம்தான் அண்ணை. போனா நேரை மறியலிலைதான் போடுவாங்கள். ஆனா இதிலை ஒராள் எங்கையாவது ஒளிச்சிருந்து, இந்தத் தாளாலை பிடிபட்டா?"

றோசமலர் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவனை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோமோ?"



5

இரண்டு விதமாகவும் தட்டச்சுச் செய்து கொடுத்தேன்: பட்டியலோடு ஒன்று, பட்டியல் இல்லாமல் ஒன்று. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குள், வெளிநாட்டவர் பகுதிக்கு, தனியாகத்தான் போனான். நான் வெளியே வெயிலில் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் வந்து "பசிக்குது" என்றான். பக்கத்தில், கால்சாப் பகுதியில், கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கி, தேசிக்காய் பிழிந்து, நின்றபடியே தின்றோம்.

இனி முடிவுகள்.

அ: பட்டியலைக் கொடுத்தான். பெர்மெசோ வந்தது. பீஜிங்கில் யாருடைய கதவோ தட்டப்பட்டது.

ஆ: கொடுக்கவில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. இரண்டு பொலிஸ்காரர் அவனை விமான நிலையத்துக்கு (இதை நான் முடிக்கமாட்டேன்.)

இ: கொடுக்கவில்லை. ஆனாலும் நம்பினார்கள். (எனக்கு இதுதான் விருப்பம். விருப்பம் என்பதாலேயே சந்தேகம்.)

ரோமில் முடிவெடுக்கும் ஆணைக்குழுவிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. எதைக் கொடுத்தாய் என்று அவனைக் கேட்கலாம். ஒவ்வொரு சனியும் பக்கத்திலேதான் நிற்கிறான், சட்டிகளைத் தேய்த்தபடி ஏதோ சீனப் பாட்டைக் கண்றாவியாகப் பாடிக்கொண்டு. சந்தோசமாகத்தான் இருக்கிறான். அவனைப் பார்க்க எனக்கும் சந்தோசமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

6

ஒன்றை மறைத்துவிட்டேன். பட்டியலின் இன்னொரு பிரதி என் மேசை லாச்சியில் கிடந்தது.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியை யோகாம்பாள் அக்கா கதையை வாசித்துவிட்டு, "நல்லாக் கிடக்கு தம்பி. ஆனா ஆர் நம்பப் போயினம்? அந்தப் பேருகளைப் போடுங்கோ, கடைசியிலை அரைப் பக்கம் விடுறன்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பெயரோடு வந்தால் இது வரலாறு. இல்லாவிட்டால் கோப்பை கழுவுகிறவனின் கட்டுக்கதை.

நேற்றுக் காலை அந்தத் தாளை அடுப்பில் வைத்து எரித்தேன். அக்காவிடம் அரைப் பக்கத்தை வெறுமையாகவே விடச் சொன்னேன். இதற்குக் கீழே இருக்கிறது. முடிவை அதில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் சாகடித்துவிடாதீர்கள். அவர்கள் சைக்கிள் எடுக்க வரவில்லை, அவ்வளவுதான்.