வாசல் விளக்கு

கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, தாரணி எழுதிய இரங்கல் வரிகளை ஒவ்வொன்றாகப் போனில் அழித்துக்கொண்டிருந்தார் சுப்பிரமணியம் சித்தப்பா. சிங்கப்பூரின் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், அவருக்குப் பத்தடி தள்ளி, சரத் சவப்பெட்டிக்குள் கிடந்தான். நேற்று வேலையிடத்தில் மாரடைப்பு. அவனுக்கும் மனைவி தாரணிக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

"இங்கிலீஷா இது? மண்டாய்ல எரிக்கிறதுக்கு முன்னாடி இதப் படிச்சா மானம் போயிரும் லா. ஏஐ-கிட்ட குடுத்து அழகா மாத்திட்டேன். பாரு, பிரியா."

சரத்தின் அக்கா மோகனப்பிரியா வாங்கிப் பார்த்தாள். என் அன்புக் கணவர் குடும்பத்தின் தூண், பண்பின் சிகரம் என்று வழவழவென்று ஓடியது ஆங்கிலம். யார் செத்தாலும் பொருந்தும். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தாரணி எழுதி இருவருக்கும் போனில் அனுப்பியதை அவளும் காலையிலேயே படித்திருந்தாள். சைகை மொழியில் கைகள் பேசுகிற வரிசையிலேயே வந்த ஆங்கிலம் அது. முதலில் இடம், பிறகு ஆள், அப்புறம்தான் நடந்தது.

வீடு, கதவு. சரத் வேலை முடிந்தது, வருவது. விளக்கு அணை போடு, அணை போடு. அடுப்பு, நான், முதுகு. வெளிச்சம் ஆடும், நான் திரும்பு. அவன் சிரிப்பு. தினம். நேற்று விளக்கு, ஆடவில்லை.

"அவளக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்? பாவம். நல்லதுதானே பண்றேன்."

சொல்லிக்கொண்டே தாரணியைப் பார்த்துக் கும்பிட்டார். அவளும் பதிலுக்குக் கைகூப்பினாள். மோகனப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மண்டாய் தகனச்சாலையில் சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க சித்தப்பா."

உறவுகள் திரும்பிப் பார்த்தன. மோகனப்பிரியா தன் போனை மேசையில் சாய்த்து வைத்து, தாரணியின் வரிகளை ஒரு சொல்லும் மாற்றாமல் வாயால் படித்தாள். அப்படியே கையாலும் சொன்னாள். வாயும் கையும் ஒரே வரிசையில் போயின, எங்கும் இடறவில்லை. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சீ, இதெல்லாம் ஒரு சொந்தம்! தாரணி அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம், பால் வாங்கிக்கொண்டு வந்து தாரணியின் வீட்டுக் கதவைத் திறந்தாள் மோகனப்பிரியா. தாரணி அடுப்படியில் முதுகு காட்டி நின்றாள். அவளைக் கூப்பிட, பழக்கத்தில் கை விளக்கு சுவிட்சுக்குப் போனது.

சட்டென்று இழுத்துக்கொண்டாள். தாரணி தானாகத் திரும்பும்வரை, பால் பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றாள்.